மழையிலும் மார்கழியிலும் விடாமல் ஓட ஒரு நட்புப் போட்டி: மதுரை ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீபாவளி முடிந்த மறுவாரமே ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் காலைக் கூட்டம் மெலிய ஆரம்பிக்கும். தை பிறந்த பிறகுதான் பலர் திரும்ப வருவார்கள். வந்ததும் முதல் ரவுண்டிலேயே மூச்சு வாங்கும். ஐப்பசி முதல் தை வரை நண்பர்களுக்குள் ஒரு சின்னப் போட்டி வைத்து ஓட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்ள முடியும். அதை எப்படி நடத்துவது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போட்டியில் கடைசி இடத்தில் இருக்கிற ஆளுக்கு நாளைக் காலை எழுந்து வர ஒரு காரணம் இருக்க வேண்டும். விதிகளை எல்லாம் அதை மனதில் வைத்துத்தான் போட வேண்டும்.

மதுரையில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்ன? இதற்கெல்லாம் தனியாக ஊக்கம் வேண்டுமா?

டிசம்பர், ஜனவரியில் விடிகாலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். வடநாட்டுக்காரர்களுக்கு இது குளிரே இல்லை. ஆனால் மே மாதம் 40 டிகிரியைப் பார்த்த உடம்புக்குப் போர்வையை விலக்க மனசு வராது. இதைவிடப் பெரிய தடை மழையும் இருட்டும்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வந்து வந்து போகும். மதுரைக்கு வழக்கமாக அதிக மழை கிடைப்பது அக்டோபரில்தான்.

அப்புறம் இருட்டு. மே மாதக் கடைசியில் 6 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரிக் கடைசியில் 6.40 ஆகும். டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நீள ஆரம்பித்தாலும், இங்கே விடியல் ஜனவரிக் கடைசி வரை தள்ளித் தள்ளித்தான் போகிறது. கூடுகிற நேரமெல்லாம் மாலைப் பக்கம் சேர்கிறது. பொங்கல் முடிந்தும் காலை 6 மணிக்கு ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதோடு தீபாவளிப் பலகாரம், முகூர்த்த நாட்கள், ஐயப்பன் மாலை, பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் இரண்டு நாள் லீவு போட நியாயமான காரணம்தான். எல்லாம் சேர்ந்தால் மூன்று மாதம் போய்விடும்.

வருத்தம் என்னவென்றால், வருஷத்திலேயே ஓடுவதற்குத் தோதான பருவம் இதுதான். வெயிலில் ஓடும்போது உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போக வேண்டியிருக்கிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. குளிர்ந்த காலையில் அந்தச் சுமை குறைவு. அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு குறைவாக இருக்கும். சித்திரையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடின தூரத்தை மார்கழியில் பேசிக்கொண்டே ஓடலாம்.

போட்டி வைத்தால் நிஜமாகவே கூடுதலாக ஓடுவோமா, இல்லை ஒரு வாரக் கூத்தா?

இது ரொம்பப் பழைய கேள்வி. 1898-இல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் சைக்கிள் பந்தய வீரர்களின் நேரப் பதிவுகளை அலசினார். தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டியவர்களைவிட, பக்கத்தில் ஆள் வைத்து ஓட்டியவர்கள் வேகமாக இருந்தார்கள்.

நமக்கு அதைவிட உபயோகமான சோதனை 1926-இல் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்பவர் செய்தது. பெர்லினில் படகு வலிக்கும் வீரர்களை எடை தூக்கச் சொன்னார். முதலில் தனித்தனியாக, பிறகு இருவர் சேர்ந்து ஒரே கம்பியை. ஒருவர் ஓய்ந்தாலும் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. அப்போது பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். தன்னால் மற்றவர் தோற்கக் கூடாது என்ற எண்ணம் அவரைத் தாங்கிப் பிடித்தது. இருவரின் பலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் சரி, மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலும் சரி, இந்தப் பலன் குறைந்தது. நடுத்தரமான வித்தியாசம் இருந்தபோதுதான் நன்றாக வேலை செய்தது.

போட்டியைச் சரியாக அமைத்தால் ஒரு வாரத்தில் அடங்காது. தப்பாக அமைத்தால் நீங்கள் சொல்கிற ஒரு வாரக் கூத்துதான்.

யார் அதிகக் கிலோமீட்டர் ஓடுகிறார்கள் என்று பார்த்தால் போதாதா? அதுதானே எளிது?

எளிதுதான். பெரும்பாலான குரூப்கள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. இரண்டாவது வாரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஏற்கெனவே வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற இரண்டு பேர் மேலே போய்விடுவார்கள். கடைக்காரரும் ஆசிரியையும் ஷிப்டு வேலைக்காரரும் 12, 15 கிலோமீட்டரில் நிற்பார்கள். எட்டிப்பிடிக்க வழியில்லை என்று தெரிந்ததும் பட்டியலைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். போட்டி யாருக்காக வைத்தோமோ அவர்கள் போய், போட்டியே தேவைப்படாத இருவர் மட்டும் மிச்சம்.

இன்னொரு கெடுதலும் உண்டு. முதலிடத்துக்காக மோதும் அந்த இருவர் ராத்திரி 10 மணிக்குக் கூட இன்னொரு 5 கிலோமீட்டர் ஓடுவார்கள். கொஞ்ச நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி, குதிகாலில் வலி என்று வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தூரத்தைத் திடீரென்று கூட்டுவது ஓட்டக் காயங்களுக்கு முக்கியமான காரணம். அதற்குப் புள்ளி கொடுத்து உற்சாகப்படுத்துவது பெரிய தவறு.

அப்படியானால் புள்ளியை எப்படிப் போடுவது?

நான் பரிந்துரைக்கும் முறை இது. 20 நிமிடம் ஓடினால், அல்லது ஓட்டமும் நடையுமாகப் போனால், அன்றைக்கு 1 புள்ளி. ஒரு மணி நேரம் ஓடினாலும் அதே 1 புள்ளி. வாரத்துக்கு அதிகபட்சம் 5 புள்ளி. ஆறாம் நாள் ஓடுவது உங்கள் விருப்பம், கணக்கில் வராது. ஏழாம் நாள் ஓய்வு.

இந்த உச்சவரம்பு போட்டவுடன் எல்லாமே மாறிவிடும். புதிதாக வந்தவரும் அரை மாரத்தான் ஓடியவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். வித்தியாசம் வருவது எழுந்து வருவதில் மட்டும்தான். மழைக்காலத்தில் நமக்கு வேண்டியதும் அதுதானே.

இதற்கு மேல் மூன்று மூன்று பேராக அணி பிரியுங்கள். வாரக் கடைசியில் மூவரும் குறைந்தது 3 புள்ளி எடுத்திருந்தால் அணிக்குக் கூடுதலாக 3. ஒருவர் தவறினாலும் அந்த மூன்று கிடையாது. கோலர் சோதனையில் பார்த்த அதே விஷயம். வியாழக்கிழமை ராத்திரி, “அண்ணே, நமக்கு உங்க ஒரு புள்ளிதான் பாக்கி, காலையில 5.30-க்கு உங்க தெருமுனைக்கு வந்துர்றேன்” என்று ஒரு தம்பி போன் பண்ணினால் எந்த அண்ணனாலும் படுத்துக் கிடக்க முடியாது. அலாரம் செய்யாததை அந்த போன் செய்யும்.

அணி பிரிக்கும்போது நெருங்கிய நண்பர்களை ஒன்றாகப் போடாதீர்கள். சேர்ந்தே தூங்குவார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களையும், கொஞ்சம் வேகமானவர், நடுத்தரம், புதியவர் என்று கலந்தும் போடுங்கள். வேகத்தில் ரொம்பத் தூரமாக இருப்பவர்களைச் சேர்த்தால் இருவருக்கும் சலிப்பு.

தொடர் ஓட்டத்தில் இருக்கும் பலம் இதுதான். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளின் நடை மாறிவிடுகிறது.

வேகமான ஆளும் மெதுவான ஆளும் ஒரே ஓட்டத்தில் மோத முடியுமா?

முடியும், அதுவும் ரொம்ப சுவாரசியமாக. ஞாயிற்றுக்கிழமைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். முன்பின்னாகக் கிளம்பி, ஒரே நேரத்தில் முடிவுக்கோட்டை நெருங்குவதுதான் முறை.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். சுவரை ஒட்டிச் சுற்றி வந்தால் சுமார் 1.2 கிலோமீட்டர், வெளிப்பக்கமாக ஓடினால் இன்னும் கொஞ்சம் கூடும். மூன்று சுற்று ஓட்டம் என்று வையுங்கள். ஒருவருக்கு 27 நிமிடம் ஆகும், இன்னொருவருக்கு 21, மூன்றாமவருக்கு 18. முதல் ஆள் 6.15-க்குக் கிளம்பட்டும். இரண்டாமவர் 6.21, மூன்றாமவர் 6.24. எல்லோரும் வழக்கம்போல ஓடினால் 6.42-க்கு மூவரும் ஒன்றாக வந்து சேர வேண்டும். யார் அன்றைக்குத் தன் வழக்கத்தைவிட நன்றாக ஓடினாரோ அவர் முந்துவார். கடைசிச் சுற்றில், மெதுவானவர் பின்னால் காலடிச் சத்தம் கேட்டு ஓடுவதும், வேகமானவர் முன்னால் தெரியும் சட்டையைக் குறிவைத்துத் துரத்துவதும் பார்க்கவே நன்றாக இருக்கும். வாக்கிங் வருகிற பெரியவர்கள்கூட நின்று கைதட்டுவார்கள்.

ஒவ்வொரு வாரமும் புதிய நேரத்தை வைத்து இடைவெளியைத் திருத்துங்கள். வேண்டுமென்றே முதல் வாரம் மெதுவாக ஓடி இடைவெளியைக் கூட்டிக்கொள்பவர் ஒருவராவது இருப்பார். இரண்டு வாரத்தில் அது தானாகச் சரியாகிவிடும், சண்டை வேண்டாம்.

எனக்கு 58 வயது. இருபது வயசுப் பையன்களோடு எனக்கென்ன போட்டி?

உங்களுக்கென்றே இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, வயதுக் கணக்கு. உலக அளவில் மூத்தோர் தடகளத்துக்கு வயதுவாரியான அட்டவணைகள் உண்டு. உங்கள் வயதிலும் பாலிலும் உலகத்தரமான நேரம் எவ்வளவோ, அதை உங்கள் நேரத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். இந்தக் கணக்கில் 58 வயதுக்காரர் பேரன் வயதுப் பையனைத் தோற்கடிப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். லண்டனில் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் ஓட்டம் இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் இந்தச் சதவீதத்தையும் போடுகிறார்கள். வாரா வாரம், அதே இடம், அதே 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. மழையிலும் பனியிலும் ஆட்கள் வருவதற்கு அந்த ஒழுங்குதான் காரணம் என்று நினைக்கிறேன். ஞாயிறு ஓட்டத்துக்கு இடத்தையும் தூரத்தையும் மாற்றாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, கணிப்பு ஓட்டம். எல்லோரும் கடிகாரத்தையும் போனையும் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஓடுமுன் தன் நேரம் என்னவாக இருக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினதற்கு மிக அருகில் யார் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. இதில் அனுபவசாலிகள்தான் ஜெயிப்பார்கள். தன் மூச்சைக் கவனித்து ஓடப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஒரு விஷயம் கட்டாயம்: 40 தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் போட்டியில் சேருமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு ஏதாவது சட்டைப்பையில் இருக்கட்டும்.

போட்டியை எப்போது தொடங்கி எப்போது முடிப்பது?

நான்கு மாதத்துக்கு ஒரே போட்டி வேண்டாம். முதல் மாதம் பின்தங்கியவர் மீதி மூன்று மாதத்துக்கு வரமாட்டார். மூன்று சுற்றாகப் பிரியுங்கள். தீபாவளி முடிந்த திங்கட்கிழமையில் தொடங்கி கார்த்திகை தீபம் வரை முதல் சுற்று. மார்கழி முதல் தேதியிலிருந்து போகி வரை இரண்டாவது. பொங்கலுக்கு நான்கு நாள் எல்லோருக்கும் விடுமுறை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு இருக்கும்போது யாரும் புள்ளி எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. பிறகு தைப்பூசத்தைத் தாண்டி மாசி பிறக்கும் வரை மூன்றாவது.

ஒவ்வொரு சுற்றும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். அணிகளையும் மாற்றிப் பிரியுங்கள். போன சுற்றில் எதிரணியில் இருந்தவரோடு இந்தச் சுற்றில் சேர்ந்து ஓட வேண்டும் என்றால் பேச்சும் மட்டுப்படும்.

மார்கழியில் விடிகாலை எழுவதுதான் கஷ்டம் என்கிறீர்கள். வேறு வழி?

மார்கழியை நான் கஷ்டமான மாதமாகவே பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் 5 மணிக்குத் தெரு வெறிச்சென்று இருக்கும், நாய்கள்தான் விழித்திருக்கும். மார்கழி வந்தால் ஊரே எழுந்துவிடுகிறது. கோயில்கள் சீக்கிரம் திறக்கும், திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிபெருக்கியில் கேட்கும், வாசலில் விளக்கைப் போட்டுக் கோலம் போடுவார்கள், டீக்கடை அடுப்பு எரியும். இருட்டில் ஓடப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான மாதம் இல்லை. மாசி வீதிகளில் ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். கோலத்தை மிதித்துவிடாமல் ஓடுங்கள், அது மட்டும் என் வேண்டுகோள். முடிந்ததும் சூடாகப் பருத்திப்பால் குடிக்கலாம் என்பதும் எழுந்து வர ஒரு நல்ல காரணம்.

மழை பெய்தால் புள்ளி போகுமா?

தூறலில் ஓடலாம். இடி, மின்னல் என்றால் வெளியே போகவே கூடாது. இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. கனமழைக்கு அடுத்த நாள் காலை ரயில்வே சுரங்கப்பாதைப் பக்கமும், தண்ணீர் தேங்கின தெருப்பக்கமும் போகாதீர்கள். தண்ணீருக்கு அடியில் பள்ளம் தெரியாது. மின்கம்பத்தை ஒட்டித் தேங்கின தண்ணீர் உயிருக்கே ஆபத்து. காலில் புண் இருந்தால் தேங்கின நீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

மழை நாளுக்கென்று ஒரு மாற்று விதி வையுங்கள். வீட்டில் 20 நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம், மாடிப்படி ஏறி இறங்குவது, ஸ்கிப்பிங், எதுவானாலும் 1 புள்ளி. மாலை நேர ஓட்டமும் சேரட்டும். இந்த விதி இல்லாத போட்டி கார்த்திகை மழையில் கரைந்துவிடும்.

நனைந்த ஷூவை வெயில் பார்த்து வைத்தால் காயவே காயாது, அந்த மாதத்தில் வெயில் எங்கே? உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். இரண்டு தடவை தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும். நனைந்த துணி உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், சளி வந்தால்?

லேசாக மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான் என்றால் மெதுவாகப் போகலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி என்றால் ஓடவே கூடாது. காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. மழைக்காலம் டெங்கு காலமும்கூட. டெங்கு வந்தவர்களுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் அசதி வாரக்கணக்கில் இருக்கும். மருத்துவர் சொன்ன பிறகுதான் ஷூவைத் தொட வேண்டும்.

இந்த விஷயத்தில் போட்டிக்கு ஒரு பொறுப்பு உண்டு. உடம்பு சரியில்லாதவரின் வாரத்தை அணிக் கணக்கிலிருந்து அப்படியே எடுத்துவிடுங்கள். மற்ற இருவரின் புள்ளியை வைத்துப் போனஸ் கொடுங்கள். “என்னால அணிக்குப் போயிருச்சே” என்று ஒருவர் காய்ச்சலோடு எழுந்து வந்தால் அந்தப் போட்டி தப்பான போட்டி. சான்றிதழ் எல்லாம் கேட்காதீர்கள். சொன்னால் நம்புங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன். பழனிக்குப் பாதயாத்திரையும் உண்டு. கணக்கில் வருமா?

மாலை போட்டவர்கள் வெறுங்காலில் இருப்பார்கள். வழக்கமாக ஷூவில் ஓடியவர் கார்த்திகை முதல் தேதியிலேயே வெறுங்காலில் 5 கிலோமீட்டர் ஓடினால் கெண்டைக்காலும் பாதமும் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நடைக்கும் 1 புள்ளி உண்டு.

பழனிக்கு மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வாரம் நடந்த நாளுக்கு ஒன்று என்று அதே உச்சவரம்பில் 5 புள்ளி வரை. திரும்பி வந்த வாரம் ஓய்வு எடுங்கள். கொப்புளம் ஆறாமல் ஓட வேண்டாம்.

பெண்களுக்கு இந்த நேரம் ஒத்துவருமா?

காலை 5.30-க்கு மட்டும்தான் கணக்கு என்று விதி வைத்தால் ஒத்துவராது. அந்த நேரத்தில்தான் வீட்டில் கோலம், டிபன், பிள்ளைகளைக் கிளப்புவது எல்லாம். அதனால் நேரத்தைத் திறந்து விடுங்கள். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் விட்டபிறகு காந்தி மியூசியம் பக்கம் ஓடிவிட்டு வருவார். அவர் புள்ளிக்கும் 5 மணிக்காரர் புள்ளிக்கும் ஒரே மதிப்பு.

இருட்டில் தனியாக ஓட வேண்டாம் என்பது ஆண்களுக்கும் பொருந்தும். பளபளக்கும் பட்டை தைத்த ஜாக்கெட், வண்டி எதிரே வரும் பக்கமாக ஓடுவது, காதில் பாட்டு வேண்டாம், இவை எல்லோருக்கும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடங்கள்.

ஓட்ட ஆப்களில் உங்கள் பாதை வரைபடமாக வெளியே தெரியும். வீடு எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஸ்ட்ராவா என்ற ஓட்ட ஆப்பின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளே தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் அமைப்பு அந்த ஆப்பிலேயே உண்டு. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். குரூப்பில் யாரையும் வரைபடம் அனுப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். “முடிச்சாச்சு” என்று ஒரு வார்த்தை போதும்.

ஜெயித்தவர்களுக்கு என்ன பரிசு? பந்தயம் கட்டலாமா?

பணம் வேண்டாம். பணம் வந்ததும் கணக்கு வரும், கணக்கு வந்ததும் சந்தேகம் வரும். தோற்ற அணி டிபன் வாங்கித் தர வேண்டும் என்ற வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. கடைசியில் வருபவர் பெரும்பாலும் வேலைப்பளு உள்ளவர், சில சமயம் கையில் காசு குறைந்தவர். அவரிடமே செலவையும் ஏற்றினால் அடுத்த சுற்றுக்கு வரமாட்டார். ஜெயித்த அணி மற்றவர்களுக்குப் பருத்திப்பாலோ சுக்குமல்லிக் காபியோ வாங்கித் தரட்டும். ஜெயித்த சந்தோஷத்தில் தாராளமாகவே வாங்கித் தருவார்கள்.

யாராவது பொய்க்கணக்கு சொன்னால்?

20 நிமிடத்துக்கு 1 புள்ளி என்ற கணக்கில் பொய் சொல்லிக் கிடைப்பது ரொம்பக் கம்மி. போனில் ஜி.பி.எஸ். தவறாகக் காட்டுவதும் சகஜம். விட்டுவிடுங்கள்.

ஒருநாள்கூட விடாமல் தினமும் ஓடுவது என்று சபதம் எடுக்கலாமா?

பிரிட்டன் மாரத்தான் வீரர் ரான் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை 52 ஆண்டுகள் தினமும் குறைந்தது ஒரு மைல் ஓடினார். நெஞ்சில் வலி வந்தபோதுதான் நிறுத்தினார். மலைக்க வைக்கும் கதைதான். ஆனால் நமக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். சங்கிலி நீளமாக நீளமாக, அது அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே காய்ச்சலிலும் காயத்திலும் ஓடுவோம். ஒருநாள் அறுந்ததும் மொத்தமாகவே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வாரத்துக்கு ஐந்து என்ற கணக்கில் ஒருநாள் தவறினால் இன்னொரு நாள் இருக்கிறது.

எங்கே ஓடினால் மழைக்காலத்தில் நல்லது?

ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தின் 400 மீட்டர் தடம் நேரம் பார்த்து ஓடுவதற்கு. தெப்பக்குளம் எல்லாவற்றுக்கும். வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வந்து குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கே காற்றே வேறு மாதிரி இருக்கும். தைத் தெப்பத் திருவிழா நாளில் மட்டும் கூட்டம் நெரிசலாக இருக்கும், அன்றைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே போங்கள். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம், ஒத்தக்கடையில் யானைமலையை ஒட்டிய சாலை, அழகர்கோவில் பக்கம். மழை நின்ற மறுநாள் அங்கே மலையெல்லாம் கழுவிவிட்டது போலிருக்கும். பாறைகளில் பாசி வழுக்கும், ஏறாதீர்கள்.

ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். என்ன செய்வது?

குரூப்பில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள், கிண்டல் மீம் அனுப்பாதீர்கள். அணியில் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். பெரும்பாலும் வீட்டில் ஏதோ ஒன்று நடந்திருக்கும். “இந்த வாரம் நடக்க மட்டும் வாங்க, பேசிக்கிட்டே போவோம்” என்று கூப்பிட்டால் வருவார்கள். நான் பார்த்தவரை, திரும்பி வந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒருவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டதால் வந்தவர்கள்தான்.

குரூப் எதுவும் இல்லை. நான் தனியாள். எனக்கு?

ஒரே ஒரு ஆள் போதும். அவர் மதுரையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சென்னையில் தங்கச்சி, துபாயில் மச்சான், யாராக இருந்தாலும் அதே 5 புள்ளிக் கணக்கு, ஞாயிறு ராத்திரி ஒரு போன். தனித்தனி ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகள் இதனாலேயே வாரா வாரம் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாசிக்குப் பிறகு என் நேரமெல்லாம் கூடிக்கொண்டே போகிறதே. பின்னுக்குப் போகிறேனா?

இல்லை, வெயில் வந்துவிட்டது. ஐப்பசியிலிருந்து தைக்குள் எல்லோருடைய நேரமும் குறைந்ததில் ஒரு பங்கு உங்கள் உழைப்பு, ஒரு பங்கு குளிர்ந்த காற்று. மார்ச்சில் அந்தக் காற்றின் பங்கு போய்விடும். மார்ச் முதல் வாரத்தில் புதிதாக ஒரு நேரம் எடுத்து, ஞாயிறு ஓட்டத்தின் இடைவெளிகளை அதிலிருந்து கணக்கிடுங்கள். ஜனவரி நேரத்தைத் துரத்த வேண்டாம். அதை நோட்டில் தேதியோடு எழுதி வைத்து, அடுத்த ஜனவரியில் எடுத்துப் பாருங்கள். கிளம்பும் நேரத்தை 5 மணிக்கு நகர்த்துங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.